பாலை உறையவைக்கும் அமிலமும் பாட்டாளியின் கண்களும்

ரப்பர்ப் பாலை உறையவைப்பதற்குப் பெரிதும் பயன்படுவது பார்மிக் அமிலம். தோட்ட மக்கள் அதனை 'ஆசிட்' என்றே வழங்குவர். மரத்து இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்பு கடித்த இடம் எரிவதற்குக் காரணமும் இதே பொருள்தான். எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே இதன் பெயர் பிறந்தது. ஆனால், எறும்பிடம் உள்ளது அணுவளவு. கலன்களில் வரும் அமிலமோ பொதுவாக 85 முதல் 94 விழுக்காடு வரை செறிவுடையது.

பாலில் சேர்க்கப்படுவது நீர் பெருக்கிய கரைசலே. ஆகவே, கலனைத் திறந்து, அளந்து, நீருடன் கலக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஆபத்து மிகுதி.

மலேசியாவில் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இரசாயனப் பாதுகாப்பு விதிமுறைகள், இந்த அமில ஆவிக்கு ஓர் எல்லை விதித்துள்ளன. எட்டு மணி நேரச் சராசரியாக, பத்து இலட்சம் பங்கு காற்றில் அது 5 பங்கைத் தாண்டலாகாது. தாண்டினால் மூக்கும் தொண்டையும் எரியும், இருமல் தோன்றும். எனினும், இவ்வெல்லை மூச்சைக் காப்பதற்கே உரியது. காற்று எவ்வளவு தூய்மையாக இருப்பினும், செறிந்த அமிலம் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகலாம்.

எனவே, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். கண்ணாடி, ரப்பர்க் கையுறை, காலணி ஆகியவற்றை அணியுங்கள். முதலில் நீரை ஊற்றி, அதன்பின் அமிலத்தை மெல்ல மெல்லச் சேர்த்திடுங்கள். அமிலத்தின்மேல் நீரை ஊற்றுவது கூடாது, சூடேறித் தெறிக்கும். சில இடங்களில் பயன்படும் கந்தக அமிலத்தில் இவ்வாபத்து பன்மடங்காகும்.

எக்காரணம் கொண்டும் அமிலத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டிற்கு எடுத்துச் செல்லாதீர்கள். நிறத்தால் அது நீரைப் போன்றதே. தாகத்தோடு வரும் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது.

அமிலம் மேலே பட்டுவிட்டால், நனைந்த உடையை உடனே களைந்து, ஓடும் நீரில் இருபது நிமிடங்களாவது கழுவ வேண்டும். கண்ணாயின் இமைகளை விரித்துப் பிடித்துக் கழுவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். இறங்கும்போது புண்ணாக்கிய அமிலம், ஏறும்போதும் புண்ணாக்கும்.

பாதுகாப்புக் கருவிகளைத் தருவது நிருவாகத்தின் கடமை. அவற்றை அணிவது தொழிலாளரின் கடமை. 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இரண்டையும் வலியுறுத்துகிறது. இக்கருவிகளுக்காகத் தொழிலாளரிடம் பணம் பெறுவதையும் அது தடுக்கிறது. ஆதலின், கையுறை கிழிந்திருந்தால் புதியதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். அது சலுகை அன்று, உங்கள் உரிமை.