மரத்தடியில் மோண்டோ புல்

மாமரத்தடியிலோ, வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஓடும் சந்திலோ கொரியன் புல் பதித்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய கதை. முதல் இரண்டு மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அப்புறம் இழைகள் நீண்டு வெளிறும், நடுநடுவே மண் தெரியும். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றுவோம், பாசிதான் பிடிக்கும். கொரியன் புல்லும் அருகம்புல்லும் வெயிலுக்கென்றே அமைந்தவை. நிழலில் அவற்றுக்குச் சாப்பாடே குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் தயாரிக்கிற இலையை நாம் வாராவாரம் வெட்டி எடுத்துவிடுகிறோம். புல் சாகாமல் என்ன செய்யும்?

அந்த இடத்துக்கு நான் சொல்வது மோண்டோ புல். நர்சரியில் ‘மோண்டோ கிராஸ்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். பெயரில் புல் இருந்தாலும் இது புல் இனமே இல்லை. நம் தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கிறதே, அதன் குடும்பம். ஒரு தூரைப் பிடுங்கி அலசிப் பார்த்தால் உறவு தெரியும்: வேர்களில் ஆங்காங்கே சின்னச் சின்ன வெண்கிழங்குகள் தொங்கும். சீன வைத்தியத்தில் மருந்தாவது இந்தக் கிழங்குதான். ஜப்பான், சீனா, கொரியாவில் மரநிழலில் தானாக வளரும் செடி இது. ஜப்பானியர் ‘டிராகன் தாடி’ என்கிறார்கள். ஒப்பியோபோகன் என்ற தாவரவியல் பெயருக்குக் கிரேக்கத்தில் ‘பாம்புத் தாடி’ என்று பொருள். கரும்பச்சையில் ஒல்லியாக வளைந்து விழும் இலைகளைப் பார்த்தால் இரண்டு பெயருமே பொருந்துகின்றன. சாதாரண வகை 15 முதல் 25 செ.மீ. உயரம். குட்டை வகை அதில் பாதிகூட வராது. நடைபாதைக் கற்களின் இடுக்குக்கு அதுதான் அழகு.

நடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதில் மட்டும் சோம்பல் கூடாது. மண்ணில் கோரைக்கிழங்கு இருந்தால் ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். மோண்டோ நடுவில் கோரை முளைத்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால்தான், மூன்று பட்டையாகத் தட்டுப்படுவது கோரை என்று பிடிபடும். பிடுங்கினாலும் கிழங்கு உள்ளேயே அறுந்து நின்றுவிடும். ஆகவே ஒரு அடி ஆழம் கொத்தி, கிழங்கைப் பொறுக்கி, தண்ணீர் விட்டு மூன்று வாரம் காத்திருங்கள். மிச்சம் இருப்பது முளைத்துக் காட்டிக்கொடுக்கும். அதையும் எடுத்த பிறகு மணலும் தொழு உரமும் கலந்து மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள்.

பையில் வாங்கிய செடியை அப்படியே நடுவது வீண். பையைக் கிழித்து, மண்ணை உதிர்த்து, தூரை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்தால் பிரிந்துவரும். ஒவ்வொரு துண்டிலும் நாலைந்து இலையும் கொஞ்சம் வேரும் இருந்தால் போதும். ஒரு பை ஐந்து துண்டாகும். 15 செ.மீ.க்கு ஒன்று என்று நட்டால், 10 அடி நீளம் 2 அடி அகலமுள்ள பாத்திக்கு ஏறக்குறைய 80 துண்டு, அதாவது 16 பை. இலையும் வேரும் சேருகிற கழுத்து மண்மட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும். ஆழப் புதைத்தால் அழுகும். ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். கூரைத் தண்ணீர் வந்து தேங்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி வேண்டியது பொறுமை. முதல் வருடம் இது வளர்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். பாத்தி முழுக்க மூட இரண்டு வருடம், சில இடத்தில் மூன்றும் ஆகும். அதுவரை களை எடுத்தே தீர வேண்டும். மூடிய பிறகு களை முளைக்க வெளிச்சமே கிடைக்காது; வேலையும் குறைந்துவிடும். புல்வெட்டி வேண்டாம். மேல்மண் காய்ந்தால் தண்ணீர், வருடத்துக்கு ஒருமுறை மண்புழு உரம், மரத்தடியானால் விழும் சருகை வாரிவிடுவது, அவ்வளவே. காலை வெயில் பட்டால் பரவாயில்லை. உச்சி வெயில் விழும் இடத்தில் இலைநுனி கருகும். உப்புத் தண்ணீர் பாய்ச்சினாலும் அப்படித்தான். குழந்தைகள் ஓடி விளையாட இது ஆகாது. எப்போதாவது கால் படலாம், தினமும் மிதிபட்டால் தாங்காது.

வாங்கும்போது லிரியோப்பியை மோண்டோ என்று கொடுத்துவிடுவதும் உண்டு. அதுவும் நிழலுக்கு நல்ல செடிதான், ஆனால் இலை அகலம். ஊதாப் பூங்கொத்து இலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும், காய் கறுப்பு. மோண்டோவின் பூ இலைக்குள் ஒளிந்திருக்கும். அதில் காய்ப்பது பளீரென்ற நீலமணி. பழம் என்றுதான் தோன்றும், உண்மையில் அது விதை. மேல்தோடு இளசிலேயே கிழிந்துபோக, விதை வெளியே நின்றே முற்றுகிறது.

பாத்தி நிறைந்துவிட்டால் மறுபடி நர்சரிக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த ஆடியில் ஓரத்துத் தூர்களைத் தோண்டிப் பிரித்தாலே பக்கத்துச் சந்துக்கு நாற்று கிடைத்துவிடும்.