இல்லத்தின் உள்ளே ஒரு செவி

2014 நவம்பரில் அமேசான் நிறுவனம் 'எக்கோ' எனும் உருளை வடிவ ஒலிபெருக்கியை அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. பேச்சைக் கேட்டுப் பேச்சாலேயே விடையிறுக்கும் கருவி அது. 2016 நவம்பரில் கூகுளும், 2018 பிப்ரவரியில் ஆப்பிளும் தத்தம் கருவிகளுடன் களமிறங்கின. விளக்கு, கதவுப்பூட்டு, கண்காணிப்புக் கேமரா என ஒவ்வொன்றாக இந்தச் செவியோடு பிணைக்கப்பட்டன. முதல் எக்கோவின் விலை 199 டாலர். ஈராண்டுகளுக்குள் அதன் சிறு வடிவம் 50 டாலருக்குக் கிடைத்தது. 2017 முதல் 2021 வரை சாதனப் பிரிவில் மட்டும் அமேசானுக்கு 2,500 கோடி டாலருக்கு மேல் இழப்பு என வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2024இல் எழுதியது. வணிகர் இத்துணை நட்டத்தை ஏற்பாரெனில், அவர் ஒலிபெருக்கியை விற்க வந்தவர் அல்லர். நம் இல்லத்துள் ஓர் இடத்தை வாங்க வந்தவர் என்றே நாம் கருத வேண்டியுள்ளது.

இக்கருவி நம் பேச்சு முழுவதையும் இடையறாது நிறுவனத்துக்கு அனுப்புவதாகப் பலர் அஞ்சுகின்றனர். அது சரியன்று. கருவியினுள் உள்ள சில்லு, சில விநாடிப் பேச்சை மட்டும் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, 'அலெக்ஸா' போன்ற விளிச்சொல் ஒலிக்கிறதா எனப் பார்க்கும், ஒலிக்காவிடில் அழித்துவிடும். விளிச்சொல்லுக்குப் பின் வரும் பேச்சே தொலைவிலுள்ள கணினிகளுக்குச் செல்கிறது. ஆனால் சில்லு தவறாகக் கேட்பதுண்டு. தொலைக்காட்சியில் எவரோ உதிர்த்த, அதே ஓசையுடைய ஒரு சொல் போதும். அறையில் நிகழும் உரையாடல் எவரும் அறியாமல் பதிவாகிவிடும். அப்பதிவுகளில் ஒரு பகுதியை, மென்பொருளைத் திருத்தும் பொருட்டு மனிதர்களே செவிமடுத்து வந்தனர் என்பது மூன்று நிறுவனங்களைப் பற்றியும் 2019இல் வெளிவந்தது. ஆப்பிள் அவ்வாண்டே மன்னிப்புக் கோரியது.

கேமராவின் கதை இதனினும் கசப்பானது. அமேசான் 2018இல் வாங்கிய ரிங் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 மே மாதத்தில் வழக்குத் தொடுத்தது. 2017இல் அதன் ஊழியர் ஒருவர், பெண்களின் படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களின் ஆயிரக்கணக்கான காட்சிப்பதிவுகளைப் பார்த்துவந்தார் என்பது குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் செலுத்த ரிங் உடன்பட்டது.

பார்வையற்றோருக்கும் முதியோருக்கும் இக்கருவிகள் ஆற்றும் உதவியை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், பிறர் இல்லத்துள் நுழையுமுன் அனுமதி பெறுதலைத் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் விதிக்கிறது. திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பவும் வேண்டும். இங்கோ அனுமதி என்பது 'ஏற்கிறேன்' எனும் ஒரு பொத்தானோடு முடிகிறது. அதை அழுத்துபவர் இல்லத்தில் ஒருவரே. அவருடைய மனைவி மக்கள், பணிப்பெண், விருந்துக்கு வந்த நாம் எனப் பிறர் எவரிடமும் கேட்கப்படுவதில்லை. (நண்பரின் இல்லத்தில் குடும்பக் கவலையொன்றைப் பேசத் தொடங்கி, அலமாரியில் ஒளி சிமிட்டக் கண்டு பேச்சை மாற்றியது நமக்கும் நேர்ந்ததுண்டு.)

அளித்த அனுமதியும் அளித்தபடியே நிற்பதில்லை. குரற்பதிவை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே பரிசீலிக்கும் தேர்வு, அமெரிக்காவில் சில எக்கோ கருவிகளில் இருந்தது. செயற்கை நுண்ணறிவின் புதிய வசதிகளுக்குத் தொலைக்கணினிகளின் ஆற்றல் தேவை எனக் கூறி, 2025 மார்ச் 28 அன்று அமேசான் அதனை நீக்கியது. அத்தேர்வை நம்பி வாங்கியோருக்கு எஞ்சியவை, பதிவைச் சேமிக்க வேண்டாம் என நிறுவனத்திடம் கூறும் ஓர் அமைப்பும், ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தானுமே.