மலை உரித்துக் கொடுத்த கல்

சித்தையன்கோட்டையைத் தாண்டிப் பழனி மலைத்தொடரில் ஏறும் பேருந்து பெரும்பாறையில் வந்து நிற்கும்போது ஊர்ப்பெயருக்குக் காரணம் கேட்க வேண்டியிருக்காது. காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே ஆங்காங்கே மலையின் வெற்றுடம்பு தெரியும். இங்கிருந்து தாண்டிக்குடிப் பக்கம் போகப் போக, அப்படிப்பட்ட மொட்டைப் பாறைகளின் மேல்தான் இந்த மலையின் மிகப் பழைய கட்டடங்கள் இருக்கின்றன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையைக் கவிழ்த்த கல்திட்டைகள் அவை. சிலவற்றைச் சுற்றிக் கல்லடுக்கிய மதில்கூட உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இடிந்த கோட்டை ஒன்றின் மிச்சம் என்றே தோன்றும். இரும்புக் கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய வீடுகள் இவை; ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மூத்தவை. ஆங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் பழனி மலையில் இவற்றைத் தேடி நடந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது.

அவ்வளவு சீரான பலகைகள் எங்கிருந்து வந்தன? என்னை மிகவும் பிடித்துக்கொண்ட கேள்வி இது. பதிலை மலையின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

மலை என்றாலே எரிமலை கக்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. தௌலதாபாத் கோட்டை நிற்கும் குன்று அப்படிப்பட்டதுதான், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு இறுகியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையோ அணைந்துபோன எரிமலை ஒன்றின் தொண்டையில் அடைத்துக்கொண்ட பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. பழனி மலைக்கு வேறு பிறப்பு. இதன் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற பாறை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தமிழகமும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒரே கண்டமாக ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில் 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்து உருவானது. வெளிச்சத்தையே பாராமல் வெந்த கல்.

அந்த ஆழத்தில் பாறையை அழுத்தும் பாரம், நம்மை அழுத்தும் காற்றின் பாரத்தைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேலிருந்ததை அரித்துக்கொண்டு போகப் போக, பாரம் குறைந்தது. இறுக்கிப் பிடித்த கை விட்டதும் பஞ்சு பொங்குவதைப்போல் பாறையும் மேல்நோக்கிக் கொஞ்சம் விரிகிறது. ஆனால் கல்லுக்கு நெகிழத் தெரியாது, விரிசல் விடும். அந்த விரிசல் பாறையின் மேற்பரப்புக்கு இணையாகவே ஓடுவதால், வெங்காயம் உரிவதுபோல் மலை தகடு தகடாகக் கழன்றுகொள்கிறது. அப்படிப் பிரிந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள், பானையைத் தட்டியதுபோல் சத்தம் வரும்.

தென்னிந்தியக் கல்தொழிலாளர்கள் இந்தக் குணத்தை நன்றாக அறிந்தவர்கள். பாறைமேல் விறகுத் தீயை மூட்டி, மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போய், சுத்தியல் ஓசை மாறுவதைக் காதால் கேட்டு, வெடிமருந்தே இல்லாமல் அகன்ற பலகையை எழுப்பிவிடுவார்கள். கல்திட்டை கட்டியவர்களுக்கும் அந்த வித்தை தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டாலும் மலை ஏற்கெனவே பாதி வேலையை முடித்து வைத்திருந்தது. மொட்டைப் பாறைமேலேயே இவ்வளவு திட்டைகள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன். பலகை பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு.

இந்தக் கல்லுக்குப் பெயர் வந்த கதையும் கல்லறையில்தான் தொடங்குகிறது. கொல்கத்தாவில் 1690களில் இறந்த ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைப் பலகை இதே வகைப் பாறை. சென்னைப் பல்லாவரத்துக் கல்லை ஆராய்ந்துகொண்டிருந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதைக் கண்டுகொண்டு, 1893இல் அந்த மனிதரின் பெயரையே பாறைக்கு வைத்தார். தாண்டிக்குடிப் பாறைகளில் அதே வகைக் கல் அதே வேலைக்கு நின்று அப்போதே ஈராயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன.