விசைப்பலகைக்கும் வேண்டும் காவல்

வங்கிக் கணக்கின் கடவுச்சொல் முதல் நண்பருக்கு எழுதும் அந்தரங்கக் கடிதம் வரை எல்லாமே விசைப்பலகையின் வழியாகத்தான் கணினிக்குள் நுழைகின்றன. இணையத்தில் அவை மறையாக்கம் செய்யப்பட்டுப் பயணிக்கலாம். ஆனால், விசையை அழுத்தும் கணத்தில் அவற்றுக்கு எந்த மறைப்பும் இல்லை. அவற்றைப் படிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது பாதுகாப்பின் முதற்கேள்வி.

திறமூல இயங்குதளமான லினக்ஸ், கருவிகளையும் கோப்புகளாகவே கருதுகிறது. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் தனித்தனிக் கோப்புகள் உண்டு. விசைப்பலகையின் கோப்பைத் திறக்க முடிந்தவர், அழுத்தப்படும் ஒவ்வோர் எழுத்தையும் அறியலாம். எனவே, பொதுவாக 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனருக்கும், 'இன்புட்' என்ற குழுவின் உறுப்பினர்களுக்கும் மட்டுமே அந்த அனுமதி தரப்படுகிறது. சாதாரணப் பயனர் அக்குழுவில் இருப்பதில்லை.

பிறகு, நாம் தட்டச்சு செய்வது எவ்வாறு திரைக்கு வருகிறது? திரையை நிர்வகிக்கும் மென்பொருள் விசைகளைப் பெற்று, உரிய சாளரத்துக்கு அனுப்புகிறது. 1984-இல் தோன்றிய 'எக்ஸ்' திரை அமைப்பில், ஒரு மென்பொருளுக்கான விசைகளை மற்றொன்று எளிதில் ஒட்டுக்கேட்க முடிந்தது. 2008-இல் தொடங்கப்பட்ட 'வேலண்ட்' அந்தக் குறையைக் களைந்தது. அதில், பயனர் எழுதிக்கொண்டிருக்கும் சாளரத்துக்கு மட்டுமே விசைகள் சென்று சேரும்.

இந்தக் காவலை நாமே தளர்த்திவிடுவதுதான் சிக்கல். விசைகளின் இடத்தை மாற்றியமைக்கும் மென்பொருள் இயங்க மறுத்தால், 'இன்புட் குழுவில் உங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்பதே பலரும் கூறும் அறிவுரை. ஒருவரிக் கட்டளையில் வேலை முடிந்துவிடும். ஆனால், அந்த அனுமதி அந்த ஒரு மென்பொருளோடு நிற்பதில்லை. அப்பயனர் பெயரில் இயங்கும் மற்ற மென்பொருள்களுக்கும் சென்றுவிடுகிறது. வேலண்ட் எழுப்பிய சுவரும் பயனற்றுப்போகிறது.

பொதுக் கணினிகளில் ஆபத்து இன்னும் பெரிது. கேரள அரசுப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்கள் லினக்ஸில் இயங்குகின்றன. இத்தகைய இடங்களில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துவர். குழு உரிமையோ, கணினியின் முன் அமர்ந்திருப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. உறுப்பினர் ஒருவர் தொலைவிலிருந்து உள்நுழைந்தும், அங்கே அமர்ந்து தட்டச்சு செய்பவரின் கடவுச்சொல்லைப் படிக்க இயலும்.

மாற்றுவழி உண்டு. 'யூடெவ்' விதிகளின் மூலம் குறிப்பிட்ட ஒரு கருவிக்கு மட்டும் அனுமதி வழங்கலாம். கணினியின் முன் இருக்கும் பயனர் வெளியேறியதும் அந்த அனுமதி தானாக நீங்கும்படியும் செய்யலாம். விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக் கருவிகள் பெரும்பாலும் இவ்வாறே இயங்குகின்றன. விசைப்பலகைக்கு இதுவும் போதாது. விசைகளை மாற்றும் மென்பொருளைத் தனிப் பயனர் பெயரில் பின்னணிச் சேவையாக இயக்குவதே உகந்தது.

லினக்ஸ் பயன்படுத்துவோர், 'குரூப்ஸ்' என்ற கட்டளையை இட்டால் தாம் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறோம் என்பதை அறியலாம். தேவையின்றி 'இன்புட்' அதில் இருந்தால், நீக்கிவிட்டு மீண்டும் உள்நுழைவது நல்லது. யாருக்கு எந்த அனுமதி என்பதைப் பயனரே கண்டறிந்து திருத்த முடிவது திறமூலத்தின் சிறப்பு. அந்தச் சுதந்திரத்தோடு பொறுப்பும் நம்மிடமே வந்து சேர்கிறது.