திருடன் வைத்த துணுக்கு

சைட்டோமெகலோ வைரஸுக்கு எதிராக மாடர்னா நிறுவனம் உருவாக்கிய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி, மூன்றாம் கட்டப் பரிசோதனையில் தேறவில்லை என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. கோவிட் காலத்தில் வெற்றி கண்ட அதே தொழில்நுட்பம்தான். இனி எந்த வைரஸையும் சில மாதங்களில் மடக்கிவிடலாம் என்று அப்போது எழுதித் தள்ளினார்கள். மருத்துவர்கள் சி.எம்.வி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த வைரஸ் அப்படி மடங்கும் ரகம் அல்ல.

இது ஹெர்ப்பிஸ் குடும்பம், சின்னம்மை வைரஸுக்கு உறவு. நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடலில் இது இருக்கிறது. சிறுவயதில் எச்சில் வழியாக வரும், வந்தது தெரியாது, பிறகு ஆயுள் முழுக்கப் போகாது. நலமாக இருப்பவரைத் தொந்தரவு செய்வதில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவரிடம் தலைதூக்கும். கருவிலிருக்கும் குழந்தைக்குத் தொற்றினால் காது கேளாமல் போகக்கூடும். இத்தனை வெள்ளணுக்கள் இரவுபகலாகச் சுற்றி வரும் உடம்பில் இது எப்படிக் காலம் தள்ளுகிறது?

ஓர் ஊரில் ஒரு கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீடும் அன்று சமைத்ததில் ஒரு கவளம் எடுத்து, பாக்குமட்டைத் தட்டில் வாசலில் வைக்க வேண்டும். காவலர் ருசி பார்த்துக்கொண்டே போவார். தெரியாத ருசி பட்டால், உள்ளே வேற்றாள் அடுப்பு மூட்டியிருக்கிறான் என்று பொருள், வீட்டையே இடித்துவிடுவார். வீடு நம் செல். கவளம், செல்லுக்குள் தயாராகும் புரதத்தின் துண்டு. தட்டு, ஹெச்.எல்.ஏ. எனும் புரதம். காவலர் டி-செல்.

தட்டுகள் பின்கட்டு அறையில் தயாராகின்றன. சமையலறையிலிருந்து கவளம் அங்கே போக ஒரே ஒரு ஜன்னல்தான். அதன் பெயர் டாப். கவளம் ஏறாத தட்டு வாசலுக்கு வராது. வாய்ப்புண் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் இந்த ஜன்னலைச் சமையலறைப் பக்கத்திலிருந்து அடைக்கிறது. சி.எம்.வி.யோ பின்கட்டுப் பக்கத்திலிருந்து அடைக்கிறது. அதோடு விடுவதில்லை. யு.எஸ்.2, யு.எஸ்.11 என்ற அதன் இரண்டு புரதங்கள் புதிதாகச் செய்த தட்டுகளைச் சமையலறைக்கு இழுத்து வந்து அடுப்பில் போட்டுவிடுகின்றன.

தட்டே இல்லாத வீட்டை டி-செல் கடந்து போய்விடும். ஆனால் ஊருக்கு இரண்டாவது காவலர் உண்டு: இயற்கைக் கொல்லி செல். அவர் ருசி பார்ப்பதில்லை. தட்டு இல்லையென்றாலே சந்தேகம், உடனே இடிப்பு. அவர் பார்க்கும் அத்தாட்சிகளில் ஒன்று, தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெச்.எல்.ஏ.-இ என்ற சின்னக் கிண்ணம். தட்டு செய்யும்போது ஓரத்தில் வெட்டி விழும் துணுக்கை அதில் வைக்க வேண்டும். துணுக்கு இருந்தால் இந்த வீட்டில் தட்டு தயாராகிறது என்று அர்த்தம். அந்தத் துணுக்கும் சமையலறைக்குள் விழுந்து, அதே ஜன்னல் வழியாகத்தான் கிண்ணத்துக்கு வந்தாக வேண்டும். ஜன்னலோ அடைபட்டிருக்கிறது. வைரஸ் தன் தந்திரத்தில் தானே சிக்கியிருக்க வேண்டும்.

என்னை வியக்கவைப்பது இந்த இடம்தான். சி.எம்.வி.யிடம் யு.எல்.40 என்றொரு புரதம் இருக்கிறது. அதன் முனையில் ஒன்பது அமினோ அமிலங்கள், நம்முடைய தட்டுத் துணுக்கில் இருக்கும் அதே ஒன்பது, அதே வரிசையில். இந்தத் துணுக்குக்கு ஜன்னலும் வேண்டாம். பின்கட்டிலேயே கிண்ணத்தில் ஏறிவிடுகிறது. தட்டுகளையெல்லாம் எரித்துவிட்டு, தட்டு செய்ததற்கான துணுக்கை மட்டும் திருடன் வாசலில் வைக்கிறான். காவலர் பார்க்கிறார், போய்விடுகிறார்.

வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். டி-செல் கவளத்தைத் தட்டோடு சேர்த்தே பார்க்கிறது என்று 1970களில் கான்பெராவில் கண்டறிந்த டோஹர்ட்டிக்கும் ஜிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் கிடைத்தது. தட்டு இல்லாமையே குற்றம் என்ற கருத்து 1980களில் ஸ்வீடனின் கேரே முன்வைத்தது. யு.எல்.40இன் வேலையை 2000இல் கார்டிஃப் குழுவொன்று விளக்கியது.

இதையெல்லாம் அறிந்த பிறகு, 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று விற்கும் பொடிகளையும் பானங்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே காவலரிடம் பலக்குறைவு எதுவும் இல்லை. அவர் கேட்ட அத்தாட்சி அவர் கண்முன் இருக்கிறது. கூடுதல் பலம் கொடுத்தாலும் அதே கிண்ணத்தைப் பார்த்துவிட்டு அதே போலத்தான் திரும்புவார்.

மாடர்னாவின் ஊசி தோற்றதற்கு யு.எல்.40தான் காரணம் என்று சொல்லவும் மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் புறப்பரப்புப் புரதங்களை அந்த ஊசி உடலுக்குக் காட்டியது. உள்ளே நுழைந்தபின் நடக்கும் தட்டுத் திருட்டைத் தொடவில்லை. அந்தத் திருட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2010இல் ரீசஸ் குரங்குகளிடம் செய்த ஓர் ஆய்வு காட்டியது. சி.எம்.வி.யால் ஏற்கெனவே தொற்றுள்ள உடலிலும் மறுபடி தொற்ற முடியும். தட்டை அழிக்கும் மரபணுக்களை நீக்கிய வைரஸைச் செலுத்தியபோது, தொற்றே இல்லாத குரங்குகளில் அது வழக்கம்போலப் பரவியது. முன்பே தொற்றியிருந்த குரங்குகளில் அதனால் காலூன்ற முடியவில்லை. அவற்றின் கொல்லும் டி-செல்களைத் தற்காலிகமாக அகற்றியதும், அதே ஊனமான வைரஸ் உள்ளே புகுந்துவிட்டது.