பேருந்து இருக்கையும் வலைச்சேவையும்

பெங்களூரில் வாழும் நம்மவர்களுக்குத் தீபாவளி நெருங்கினால் முதல் கவலை புத்தாடையோ பலகாரமோ அல்ல. ஊருக்குப் போகப் பேருந்தில் ஓர் இடம் கிடைக்குமா என்பதே. கலாசிப்பாளையத்திலும் மடிவாளாவிலும் டிராவல்ஸ் கடைகளின் வாசலில் கால்கடுக்க நின்ற நாட்களை அன்பர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கவலையிலிருந்தே இவ்வூரில் ஒரு நல்ல கணிப்பொறிப் பாடம் பிறந்தது. நிரல் எழுதக் கற்க விரும்பும் நம் இளைஞர்களுக்கு அதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2005ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ஹைதராபாத் செல்ல இடம் கிடைக்காமல் பெங்களூரிலேயே தங்கிவிட்டார் பணீந்திர சாமா என்ற இளம் பொறியாளர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் அவருக்கு வேலை, படித்தது மின்னணுவியல். ஏதாவது ஒரு வண்டியில் இடம் காலியாக இருந்திருக்கலாம். ஆனால் எந்த வண்டியில் என்று சொல்ல வழியில்லை. முகவர் ஒவ்வொரு பேருந்து உரிமையாளரையும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். சாமாவும் அவருடைய நண்பர்கள் இருவரும் நிரல் எழுதுவதைத் தாமே கற்று, 2006 ஆகஸ்டில் ரெட்பஸ் சேவையைத் தொடங்கினார்கள். 2013இல் ஐபிபோ குழுமம் அதை வாங்கியது.

வலைச்சேவை என்றால் என்ன?

நாம் திரையில் பார்க்கும் இணையப் பக்கம் மனிதர் படிப்பதற்காக அமைக்கப்பட்டது. வலைச்சேவையோ ஒரு கணிப்பொறி இன்னொரு கணிப்பொறியிடம் கேட்டு விடை பெறுவதற்காக எழுதப்படுவது. அன்று முகவர் தொலைபேசியில் கேட்ட அதே கேள்விதான்: எந்த ஊரிலிருந்து, எந்த ஊருக்கு, எந்தத் தேதியில், எத்தனை இடம்? கேட்கும் முறையும் விடை சொல்லும் முறையும் முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். ஒருவகையில் இது முன்பின் அறியாத இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

தொடக்க காலத்தில், அதாவது 2000ஆம் ஆண்டையொட்டி, இந்த ஒப்பந்தத்தை எக்ஸ்.எம்.எல். என்ற குறிமுறையிலும் சோப் என்ற நெறிமுறையிலும் எழுதினார்கள். நாலு வரிச் செய்திக்கு நாற்பது வரி உறை! அதே 2000இல் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் ராய் ஃபீல்டிங் தம் முனைவர் பட்ட ஆய்வில் ரெஸ்ட் என்ற எளிய முறையை விளக்கினார். இன்று பெரும்பாலும் அந்த வழியே. செய்தியும் ஜேசன் என்ற சுருக்கமான வடிவில் போகிறது. தகவல் கேட்பதற்கு ‘கெட்’, புதிதாக ஒன்றைப் பதிவு செய்வதற்கு ‘போஸ்ட்’. விடையின் தலைப்பில் 200 என்றால் சரி. 404 என்றால் கேட்ட பொருள் இல்லை.

அறுந்த கம்பியும் அனுபவமும்

நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் கோபோல் மொழியில் சம்பளப் பட்டியல் தயாரித்து ஓய்வு பெற்றவன். அங்கே கணக்கு முழுவதும் ஒரே இயந்திரத்தில் இருந்தது. நடுவில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து ஓட்டுவோம். ஓய்வுக்குப் பின் வலைச்சேவையைக் கற்கத் தொடங்கியபோது என்னைத் திகைக்க வைத்தது இதுதான்: மறுமுனை நம்முடையதல்ல, இடையில் உள்ள கம்பி எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும்.

ஓர் இருக்கையைப் பதிவு செய்யக் கேட்கிறோம். மறுமுனையில் இடம் பதிவாகி, பணமும் கழிந்துவிட்டது. விடை வருவதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி கேட்டால் இரண்டு இடமாகி, இரட்டைப் பணம் போகும். கேட்காவிட்டால் இடம் கிடைத்ததா என்றே தெரியாது. இதற்கு வழி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுப்பது. அதே எண் திரும்ப வந்தால் மறுமுனை புதிதாகப் பதிவு செய்யாமல் பழைய விடையையே தரும்.

ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு நாலைந்து இளைஞர்கள் கற்க வருகிறார்கள். தருமபுரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் பள்ளியில் தமிழ்வழி, கல்லூரியில் பி.காம்.; இங்கே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். பொறியியல் பட்டம் இல்லையே, ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று அவருக்கு அச்சம். இந்தப் பாடத்தை நான் சொல்லி முடிக்கும் முன்பே, “சார், வவுச்சர் நம்பர் மாதிரிதானே? ஒரே வவுச்சரை ரெண்டு தடவை ஏத்தக் கூடாது, அவ்வளவுதானே?” என்று கேட்டார். பொறியியல் படித்த மற்றவர்கள் அவர் சொன்ன பிறகுதான் தெளிந்தார்கள்.

தமிழ்ப் பெயரும் ஒரு பாடமே. ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள், யூ.டி.எஃப்-8 முறையில் பதினைந்து பைட்டுகள். பெயருக்கு இருபது பைட்டு போதும் என்று ஒருவர் நினைத்து எழுதிவிட்டால் பயணியின் பெயர் பாதியில் வெட்டுப்படும். இதைச் சோதித்துப் பார்க்க நம்மவரைவிடத் தகுந்தவர் யார்?

எப்படித் தொடங்குவது?

பைத்தான் மொழியில் பத்து இருக்கை கொண்ட ஒரு பேருந்துக்குச் சிறு வலைச்சேவை எழுதுங்கள். அதை நண்பரின் கணிப்பொறியிலிருந்து கேட்டுப் பாருங்கள். சோதிப்பதற்குப் போஸ்ட்மேன் என்ற கருவி உண்டு. அதுவும் இவ்வூரோடு தொடர்புடையதே. அபினவ் அஸ்தானா 2012இல் வெளியிட்ட அக்கருவி 2014இல் இங்கே நிறுவனமாயிற்று. எல்லாம் சரியாக ஓடும்போது நடுவில் இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். இருவர் ஒரே நேரத்தில் ஒரே இருக்கையைக் கேட்டால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். உண்மையான கல்வி அங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் தருமபுரித் தம்பிக்கு இன்னும் புது வேலை அமையவில்லை. இரண்டு இடங்களில் பட்டத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் இடத்தில், எழுதிய நிரலைக் காட்டச் சொல்லி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். ஊரில் தங்கையின் படிப்பு அவர் அனுப்பும் பணத்தில் நடக்கிறது. இவரைப் போன்றவர்கள் இந்நகரில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் சும்மா கிடக்கும் கணிப்பொறி ஒன்றும், ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரமும் இருந்தால் போதும். இப்படி ஒருவருக்குத் துணை நில்லுங்கள். இளைஞர்களே, நம் சங்க நூலகத்தில் எந்த நூல் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்று கேட்டால் விடை சொல்லும் சேவையை நீங்களே எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் காட்ட ஒன்று கிடைக்கும். நமக்கும் நூல் தேடும் வேலை குறையும்.