செல்ஃபி எடுத்தா பென்ஷன்... ஆனா பேரனைக் கூப்பிடணுமா? செயலி வடிவமைப்பில் எங்கே சிக்கல்?

நெய்வேலி என்றாலே பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையமும்தான் நினைவுக்கு வரும். 1956-ல் நிறுவனம் உருவாகி, 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த ஊர் இது. அன்று முதல் இன்று வரை பல தலைமுறைத் தொழிலாளர்கள் இங்கே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடலூர் பக்கம் குடியேறியவர்கள் ஏராளம்.

இப்படிப்பட்ட ஓய்வூதியர்கள் வருடம் ஒருமுறை செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று நிரூபிப்பது. அதற்குத்தான் வாழ்நாள் சான்றிதழ். அதைக் கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். இபிஎஸ்-95 திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷனே மாதம் 1,000 ரூபாய்தான். அதுவும் நின்றால் மருந்து மாத்திரைக்கு என்ன செய்வது?

கைரேகையிலிருந்து முகத்துக்கு

முன்பெல்லாம் இந்தச் சான்றிதழுக்காக வங்கியில் வரிசையில் நிற்க வேண்டும். அதை மாற்ற 2014 நவம்பர் 10-ல் 'ஜீவன் பிரமான்' என்ற டிஜிட்டல் முறை வந்தது. ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் போதும் என்றார்கள்.

ஆனால், பல வருடம் கையால் கடினமான வேலை பார்த்தவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும். வயது ஆக ஆக இன்னும் மங்கும். மெஷினில் எத்தனை தடவை விரலை வைத்தாலும் ஏற்காது.

இதற்குத் தீர்வாக 2021 நவம்பரில் முக அடையாள முறை அறிமுகமானது. அடுத்த ஆண்டே வருங்கால வைப்பு நிதி அமைப்பும் இதைக் கொண்டு வந்தது. தனியாக மெஷின் வேண்டாம், வீட்டிலிருந்தே ஆண்ட்ராய்டு போனில் முடிக்கலாம். நல்ல யோசனைதான். அப்புறம் ஏன் பலரும் மகனையோ பேரனையோ கூப்பிட வேண்டியிருக்கிறது?

எங்கே இடிக்கிறது?

'யூசர் ஃப்ரெண்ட்லி' என்றால் கலர் கலராக அழகாக இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. பயன்படுத்துபவர் யாரையும் கேட்காமல், தப்பு செய்யாமல், தன் வேலையை முடிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 1994-ல் இதற்குப் பத்து விதிகளைத் தொகுத்தார். அதில் சிலவற்றை வைத்துப் பார்த்தாலே சிக்கல் புரிந்துவிடும்.

1. மக்கள் மொழியில் பேச வேண்டும்: ஜீவன் பிரமான் முக செயலியில் முதலில் 'ஆபரேட்டர்' முகத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஓய்வூதியரே ஆபரேட்டராகவும் இருக்கலாம், இது ஒருமுறை செய்தால் போதும். ஆனால் சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு ஆபரேட்டர் என்றால் மெஷினை ஓட்டுகிறவர். 'போனைப் பயன்படுத்துபவர் நீங்களா, வேறு ஒருவரா?' என்று கேட்டிருந்தால் குழப்பமே இல்லை.

2. என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டும்: இதற்கு ஒரு செயலி போதாது. 'ஆதார்ஃபேஸ்ஆர்டி' என்ற இன்னொன்றும் வேண்டும். அதை இன்ஸ்டால் செய்தால் திரையில் ஐகானே வராது, பின்னணியில்தான் இயங்கும். டவுன்லோட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி முயற்சி செய்வது இயல்புதானே?

3. தப்பு நடந்தால் வழி சொல்ல வேண்டும்: வெறுமனே 'தோல்வி' என்று வந்தால் யாருக்கு என்ன புரியும்? 'வெளிச்சம் போதவில்லை, ஜன்னல் பக்கம் திரும்புங்கள்' என்று வந்தால் அடுத்த தடவை சரியாகிவிடும்.

நீதிமன்றம் சொன்னது என்ன?

இது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. முகத்தைச் சரிபார்க்கும்போது கண் சிமிட்டச் சொல்வது வழக்கம். ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வை இல்லாதவர் முகத்தை எப்படி வட்டத்துக்குள் சரியாகக் காட்டுவார்? இந்தக் கேள்விகளோடு போன வழக்கில், 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்ன நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் கேஒய்சி-யை எல்லோருக்கும் ஏற்றதாக மாற்ற 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு உதவுகிறீர்களா?

* 5 மெகாபிக்சல் அல்லது அதற்கு மேல் கேமரா உள்ள போன், இன்டர்நெட், பென்ஷன் கணக்கில் பதிவான ஆதார் எண் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.
* முதலில் ஆதார்ஃபேஸ்ஆர்டி, பிறகு ஜீவன் பிரமான் முக செயலி. ஐகான் வராவிட்டால் பதற வேண்டாம்.
* முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார வையுங்கள். முடிந்ததும் எஸ்எம்எஸ் வரும், அதிலுள்ள லிங்கில் சான்றிதழை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.
* மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். இபிஎஸ்-95 ஓய்வூதியர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், ஒரு வருடம் செல்லும்.
* போன் வேலைக்கே வரவில்லையா? தபால்காரர் மூலம் வீட்டிலேயே முடிக்கும் வசதி இருக்கிறது. வங்கியிலும் பொது சேவை மையத்திலும் கொடுக்கலாம்.
* 'சான்றிதழைப் புதுப்பிக்கிறோம்' என்று போனில் யாராவது ஓடிபி கேட்டால் சொல்லவே கூடாது.

ஒரு செயலி நன்றாக இருக்கிறதா என்பதை அதை உருவாக்கிய இளைஞரின் போனில் சோதித்தால் தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, நடுங்கும் கையில் போனைப் பிடித்திருக்கும் எழுபது வயதுக்காரர் தனியாக முடித்துவிட்டால், அது எல்லோருக்கும் வேலை செய்யும்.